உரிமம் கொடுத்தால் சந்தை திறந்துவிடுமா? தொலைத்தொடர்பில் உலக வர்த்தக அமைப்பின் விதிகளும் மெக்சிகோ வழக்கும்

உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு தன் தொலைத்தொடர்புச் சந்தையைப் போட்டிக்குத் திறப்பதாக ஒப்புக்கொண்டால், புதிய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறதா. அந்த அமைப்பின் தலைமையகமான ஜெனீவாவில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் ஒரு நாட்டின் தொலைபேசிக் கட்டணத்தில் எந்த அளவுக்குத் தலையிட முடியும். அப்படித் தலையிட்ட வழக்கு ஏதேனும் உண்டா என்பது கேள்வி. மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

உரிமத்தோடு கடமை முடிவதில்லை. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு நாட்டில் ஒரு கோடி இணைப்புகளை வைத்திருக்கும் பழைய நிறுவனம் ஒன்று இருக்கிறது. பத்தாயிரம் வாடிக்கையாளர்களோடு புதிய நிறுவனம் ஒன்று நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பேச விரும்பும் ஆட்களில் ஏறக்குறைய எல்லோருமே பழைய நிறுவனத்தின் வலையமைப்பில்தான் இருப்பார்கள். அந்த அழைப்பைப் பழைய நிறுவனம் தன் வலையமைப்புக்குள் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சேர்க்க வேண்டும். இதைத்தான் துறையில் இடையிணைப்பு என்கிறார்கள். பழைய நிறுவனத்துக்கு இதில் அக்கறை இருக்கக் காரணமே இல்லை. இணைப்பை மறுக்கலாம், ஆறு மாதம் இழுக்கலாம், தேவைக்குக் குறைவான இணைப்புத் தடங்களைக் கொடுத்துப் பாதி அழைப்புகளை விழவைக்கலாம், அல்லது நிமிடத்துக்கு இவ்வளவு என்று புதியவரின் சில்லறை விலையையே விஞ்சும் ஒரு கட்டணத்தைக் கேட்கலாம். உரிமம் கையில் இருந்தும் வணிகம் நடக்காது. சட்டப்படி சந்தை திறந்திருக்கும். நடைமுறையில் ஒருவரைத் தவிர யாரும் உள்ளே வர முடியாது.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு நியூசிலாந்தின் அனுபவம் போதும். 1984இல் அமெரிக்காவில் தொலைபேசி ஏகபோகமாக இருந்த ஏடி&டி உடைக்கப்பட்டதும், அதே ஆண்டு பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானதும், அடுத்த ஆண்டு ஜப்பானின் என்டிடி அதே பாதையில் சென்றதும் உலகெங்கும் தொலைபேசித் துறையைப் பற்றிய பழைய எண்ணத்தை அசைத்திருந்தன. நியூசிலாந்து அவர்களையெல்லாம் தாண்டிப் போக விரும்பியது. 1989இல் சந்தையை முழுமையாகத் திறந்தது. 1990இல் அரசு நிறுவனமான டெலிகாமை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தலைமையிலான குழுவுக்கு 425 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றது. துறைக்கென்று ஒழுங்குமுறை ஆணையம் எதையும் அமைக்கவில்லை. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான போட்டிச் சட்டமே தொலைபேசிக்கும் போதும் என்பது அன்றைய நம்பிக்கை. கிளியர் கம்யூனிகேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் உள்ளூர் அழைப்புகளுக்கு இடையிணைப்புக் கேட்டது. விலையில் உடன்பாடு எட்டாமல் வழக்கு உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என ஏறி, அன்று நியூசிலாந்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த, லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை 1994இல் சென்றது. இணைப்புக் கொடுப்பதால் தான் இழக்கும் லாபத்தையும், அதில் ஏகபோக லாபம் கலந்திருந்தாலும், பழைய நிறுவனம் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பொருளியல் கோட்பாடாக அதற்கு வாதிடுவோர் உண்டு. ஆனால் போட்டியால் குறைய வேண்டிய லாபத்தையே போட்டியாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள அனுமதித்தால் போட்டி எதற்கு என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நியூசிலாந்து 2001இல் தனிச் சட்டம் இயற்றித் தொலைத்தொடர்பு ஆணையரை நியமித்தது.

இந்தப் பின்னணியில்தான் உலக வர்த்தக அமைப்பின் பேச்சுவார்த்தையைப் பார்க்க வேண்டும். உருகுவே சுற்று எனப்படும் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையின் முடிவில் சேவை வணிகத்துக்கான பொது ஒப்பந்தம், அதாவது காட்ஸ், உருவானபோது, மின்னஞ்சல், தரவுச் செயலாக்கம் போன்ற கூடுதல் மதிப்புச் சேவைகளில் பல நாடுகள் வாக்குறுதி அளித்தன. சாதாரணத் தொலைபேசிப் பேச்சு உள்ளிட்ட அடிப்படைச் சேவைகள் மட்டும் தனிப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அதற்கு 1996 ஏப்ரல் 30 கெடு. கெடு வந்தபோது போதுமான நாடுகள் போதுமான அளவு திறக்க முன்வரவில்லை என்று சொல்லி அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்காவின் தயக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருந்தது. வெளிநாட்டு ஏகபோக நிறுவனம் ஒன்று, திறந்துவிடப்பட்ட அமெரிக்கச் சந்தையில் தன் கிளையை அமைத்துக்கொண்டு, தன் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் அழைப்புகளை அந்தக் கிளை வழியாக மலிவாக அனுப்பும். அமெரிக்காவிலிருந்து தன் நாட்டுக்கு வரும் அழைப்புகளுக்கோ பழைய உயர்ந்த கட்டணத்தையே வாங்கும். ஒருபக்கக் கதவு மட்டும் திறந்தால் என்ன ஆகும் என்ற இந்த அச்சம் நியாயமானதே. கெடு நீட்டிக்கப்பட்டு, 1997 பிப்ரவரி 15 அன்று 69 அரசுகள் வாக்குறுதிகளுடன் உடன்பாட்டுக்கு வந்தன. உலகத் தொலைத்தொடர்பு வருவாயில் 90 சதவீதத்துக்கும் மேல் அவற்றின் சந்தைகளில்தான் இருந்தது. காட்ஸின் நான்காம் நெறிமுறை என்ற பெயரில் அது 1998 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது.

‘உடன்பாடு’ என்றவுடன் எல்லாரும் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நாடும் தன் வாக்குறுதி அட்டவணையில் எழுதியது மட்டுமே அதன் கடமை. கனடா வெளிநாட்டு உடைமைக்கு 46.7 சதவீத உச்சவரம்பை வைத்துக்கொண்டது. பிறரைத் திறக்கச் சொல்லி முன்னின்ற அமெரிக்காவும் வானொலி அலைவரிசை உரிமங்களில் நேரடி வெளிநாட்டு உடைமைக்கு 20 சதவீதம் என்ற தன் பழைய வரம்பை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தியா 25 சதவீத வெளிநாட்டுப் பங்குக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, நெடுந்தொலைவுச் சேவையைத் திறப்பதை 1999இலும் பன்னாட்டுச் சேவையைத் திறப்பதை 2004இலும் ‘பரிசீலிப்பதாக’ எழுதியது. பின்னர் இந்தியா தன் விருப்பத்தில் அதைவிட வெகுதூரம் போனது. உள்நாட்டு நெடுந்தொலைவுச் சேவை 2000இலும், விஎஸ்என்எல் வசமிருந்த பன்னாட்டுச் சேவை 2002 ஏப்ரலிலும் போட்டிக்குத் திறக்கப்பட்டன; வெளிநாட்டு முதலீட்டு வரம்பும் படிப்படியாக 100 சதவீதம் ஆனது. நடைமுறையில் ஒரு நாடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும், பன்னாட்டுச் சட்டப்படி அது எவ்வளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதும் வெவ்வேறு. அட்டவணைக்கு மேல் கொடுத்ததை ஒரு நாடு திரும்ப எடுத்துக்கொண்டால், அந்த அட்டவணையைக் காட்டி யாரும் அதைத் தட்டிக் கேட்க முடியாது. முதலீட்டாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கும் அளவுக்குச் செய்தித்தாள்கள் கவனிப்பதில்லை.

1997 உடன்பாட்டின் உயிர், சந்தை திறப்பு அட்டவணைகளைவிட, அவற்றோடு சேர்ந்து வந்த சில பக்க ஆவணம் ஒன்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. துறையினர் ‘ரெஃபரன்ஸ் பேப்பர்’ என்று சொல்லும் அந்தக் குறிப்பாவணம், ஒழுங்குமுறை எப்படி இருக்க வேண்டும் என்ற கோட்பாடுகளைச் சொல்கிறது. அதைத் தன் அட்டவணையில் இணைத்துக்கொண்ட நாட்டுக்கு அது கட்டாயமாகிறது. பெரும்பாலான நாடுகள் முழுமையாக இணைத்துக்கொண்டன; இந்தியா போன்ற சில நாடுகள் மாற்றங்களோடு ஏற்றன.

அந்த ஆவணம் எல்லா நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. இன்றியமையாத வசதிகள் கையில் இருப்பதாலோ, சந்தையில் தனக்குள்ள இடத்தாலோ, விலையையும் வழங்கலையும் கணிசமாகப் பாதிக்கும் வலிமை கொண்ட நிறுவனத்தை ‘முதன்மை வழங்குநர்’ என்று வரையறுத்து, கடுமையான கடமைகளை அதன் மீது மட்டும் சுமத்துகிறது. தொழில்நுட்ப அளவில் இயலக்கூடிய எந்தப் புள்ளியிலும் அது இடையிணைப்புத் தர வேண்டும். தன் கிளை நிறுவனத்துக்குத் தருவதைவிடக் குறைந்த தரத்தில் தரக் கூடாது. உரிய காலத்தில் தர வேண்டும். கட்டணம் வெளிப்படையாகவும், நியாயமாகவும், செலவை ஒட்டியும் இருக்க வேண்டும். புதியவர் தமக்குத் தேவையில்லாத பாகங்களுக்கும் பணம் கட்ட நேராதபடி சேவைகள் பிரித்துத் தரப்பட வேண்டும். தகராறு வந்தால் தீர்த்துவைக்கத் தனித்தியங்கும் உள்நாட்டு அமைப்பு ஒன்று இருக்க வேண்டும். இவற்றில் ‘செலவை ஒட்டிய கட்டணம்’ என்ற ஒற்றைத் தொடரே நியூசிலாந்தில் நடந்ததைப் போன்ற விளைவைத் தடுக்கிறது. இழந்த ஏகபோக லாபத்தை இணைப்புச் செலவு என்று யாரும் வாதிட்டு வெல்வது அதன் பிறகு கடினம்.

மீதியுள்ள கோட்பாடுகளும் முக்கியமானவையே. ஒரு சேவையின் லாபத்தைக் கொண்டு இன்னொன்றை மலிவாக்கிப் போட்டியாளரை நசுக்கும் குறுக்கு மானியத்தைத் தடுக்க வேண்டும். உரிம நிபந்தனைகள் வெளியிடப்பட வேண்டும். அலைவரிசை, எண்கள், கம்பி பதிக்கும் பாதை உரிமை ஆகியவற்றைப் பாரபட்சமின்றிப் பங்கிட வேண்டும். கிராமங்களுக்கும் ஏழைகளுக்கும் சேவை கொண்டுசெல்லும் கடமையை ஒரு நாடு தன் விருப்பப்படி வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சுமை வெளிப்படையாகவும் எல்லா நிறுவனங்கள் மீதும் நடுநிலையாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி அம்சம் பின்னால் மெக்சிகோ வழக்கில் திரும்பவும் வரும்.

அதற்கு முன், பன்னாட்டு அழைப்புகளின் பழைய கணக்கு முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அழைப்புப் போனால், அனுப்பும் நாட்டு நிறுவனம் பெறும் நாட்டு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்க்கும். இதுவே தீர்வுக் கட்டணம். இரண்டு பக்கமும் ஏகபோக நிறுவனங்கள் இருந்த காலத்தில், இந்தக் கட்டணம் உண்மைச் செலவைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தாலும் யாரும் பெரிதாக முறையிடவில்லை. அழைப்புகள் சமமாக இருந்தால் வரவும் செலவும் கழிந்துபோகும். அமெரிக்காவில் போட்டி வந்து சில்லறைக் கட்டணம் குறைந்ததும் அங்கிருந்து வெளியே போகும் அழைப்புகள் பெருகின; தீர்வுத் தொகையாக ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் வெளியேறத் தொடங்கியது. பெறும் நாடுகளுக்கு அது அருமையான அந்நியச் செலாவணி வருவாய். 1997 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, தன்னிச்சையாக ஓர் உச்சவரம்பை அறிவித்தது: உயர் வருவாய் நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், நடுத்தர வருவாய் நாடுகளுக்கு 19 சென்ட், குறைந்த வருவாய் நாடுகளுக்கு 23 சென்ட். அதற்கு மேல் தன் நாட்டு நிறுவனங்கள் கொடுக்கக் கூடாது என்றது. அது தன் எல்லைக்கு அப்பால் அதிகாரம் செலுத்துகிறது என்று வெளிநாட்டு நிறுவனங்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயின. 1999இல் நீதிமன்றம் எஃப்சிசியின் பக்கம் நின்றது. பல நாடுகள் விருப்பமில்லாமலே வரம்புக்குள் இறங்கின. தொலைபேசிக் கட்டணத்தில் வெளியார் தலையிட முடியுமா என்ற கேள்விக்கு, ஒப்பந்தமே இல்லாமலும் தலையிட முடியும், சந்தை போதிய அளவு பெரிதாக இருந்தால் என்பது இதிலிருந்து கிடைக்கும் அத்தனை இனிமையில்லாத விடை.

இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், துருக்கி ஆகிய ஐந்து நாடுகள் இந்த வருவாயைக் காக்கவே 1997இல், எல்லா நாடுகளையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதியிலிருந்து, நாட்டுக்கு நாடு வெவ்வேறு தீர்வுக் கட்டணம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தனி விலக்காகப் பதிவு செய்துகொண்டன. வளைகுடாவிலும் மேற்கு நாடுகளிலும் இருந்த தம் மக்கள் வீட்டுக்குப் பேசிய நிமிடங்கள் இந்த நாடுகளுக்கு எவ்வளவு பெறுமானமுள்ளவை என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

இனி வழக்கு. மெக்சிகோ 1990 டிசம்பரில் அரசுத் தொலைபேசி நிறுவனமான தெல்மெக்ஸை, தொழிலதிபர் கார்லோஸ் ஸ்லிமின் கார்சோ குழுமத்தையும் அதன் அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டாளிகளையும் கொண்ட கூட்டமைப்புக்கு விற்றது. நெடுந்தொலைவுச் சேவையில் 1996 ஆகஸ்ட் வரை போட்டி கிடையாது என்ற உறுதியும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. 1997 ஜனவரி முதல் ஏடி&டி பங்குள்ள அலெஸ்திரா, மற்றோர் அமெரிக்க நிறுவனமான எம்சிஐ பங்குள்ள அவந்தெல் போன்றவை நெடுந்தொலைவுச் சேவையில் நுழைந்தன. உரிமக் கணக்கில் பார்த்தால் சந்தை திறந்துவிட்டது. ஆனால் அதே சமயத்தில் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெடுந்தொலைவு விதிகள் மூன்று செய்திகளைச் சொல்லின. ஒரு வெளிநாட்டுக்கு அதிக அழைப்புகளை அனுப்பும் மெக்சிகோ நிறுவனமே அந்த நாட்டோடு தீர்வுக் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யும். அது எப்போதும் தெல்மெக்ஸ்தான். அது பேசி முடித்த கட்டணத்தையே மற்ற எல்லா நிறுவனங்களும் வாங்க வேண்டும். உள்ளே வரும் அழைப்புகள், யார் எவ்வளவு வெளியே அனுப்புகிறார்களோ அந்த விகிதத்தில் பங்கிடப்படும். புதிய நிறுவனம் ஒன்று அமெரிக்க நிறுவனத்திடம் போய், “உங்கள் அழைப்புகளை நான் குறைந்த விலைக்குச் சேர்க்கிறேன்” என்று சொல்லவே வழியில்லை. அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு வரும் அழைப்புகள், அங்கு குடியேறிய மெக்சிகோ மக்களால், எதிர்த் திசையில் போவதைவிட மிக அதிகம். அந்த நிமிடங்களின் விலையை அரசே ஒரு கையில் கொடுத்திருந்தது.

2000 ஆகஸ்டில் அமெரிக்கா முறையிட்டது. 2002 ஏப்ரலில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2004 ஏப்ரல் 2 அன்று அறிக்கை வெளியானது. குறிப்பாவணத்தை நேரடியாக விளக்கிய தீர்ப்பு என்று இன்றுவரை சொல்லத்தக்கது அது ஒன்றே.

மெக்சிகோவின் முதல் வாதம், குறிப்பாவணம் சொல்லும் இடையிணைப்பு ஒரு நாட்டுக்குள் போட்டியிடும் வலையமைப்புகளுக்கு இடையிலானது. எல்லையைத் தாண்டி வரும் அழைப்பும் அதன் தீர்வுக் கட்டணமும் அதற்குள் வராது என்பது. குழு இதை ஏற்கவில்லை. அமெரிக்க நிறுவனம் எல்லையில் அழைப்பை ஒப்படைப்பதும் இரண்டு வலையமைப்புகளை இணைப்பதே; உடன்பாட்டில் அதற்கு விலக்கு எழுதப்படவில்லை என்றது. அடுத்து, கட்டணம் செலவை ஒட்டியதா என்ற கேள்வி. தெல்மெக்ஸ் தன் நாட்டுக்குள் பிற நிறுவனங்களிடம் அதே வலையமைப்புப் பாகங்களுக்கு வாங்கும் விலைகளைக் கூட்டிப் பார்த்தாலே பன்னாட்டுக் கட்டணம் அதைக் கணிசமாக மிஞ்சியது. சொந்த விலைப்பட்டியலே சாட்சியாக நிற்கும்போது எதிர்வாதம் எளிதில்லை. வளரும் நாடான தமக்கு வலையமைப்பை விரிவாக்க இந்த வருவாய் தேவை என்றும் மெக்சிகோ சொன்னது. அந்த நோக்கத்தைக் குழு மறுக்கவில்லை. ஆனால் அதற்காக விதிவிலக்கு வேண்டுமென்றால் அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்றது. அனைவருக்குமான சேவைக்குப் பணம் திரட்ட ஆவணமே நடுநிலையான வழியை அனுமதிக்கிறது. இடையிணைப்புக் கட்டணத்துக்குள் அதை மறைத்துவைக்க இடமில்லை.

விலையை ஒருவர் நிர்ணயித்து எல்லாரும் பின்பற்றுவதும் சந்தையைப் பங்கிட்டுக்கொள்வதும், அரசின் சட்டமே அவற்றைக் கட்டாயமாக்கியிருந்தாலும், போட்டிக்கு விரோதமான நடைமுறைகளே என்றும் குழு முடிவு செய்தது. இந்த இடத்தில் குழு சற்று எல்லை மீறியது என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நடந்த நிறுவனத்தைப் போட்டி விரோதி என்று அழைப்பது விசித்திரமே. எனக்கும் இந்தப் பகுதி இடையிணைப்பைப் பற்றிய பகுதியைப் போல உறுதியாகத் தோன்றவில்லை. மறுபக்கம், அரசு ஒரு சட்டம் இயற்றிவிட்டால் எந்தக் கூட்டணியும் தூய்மையாகிவிடும் என்றால், அந்த ஆவணத்தில் போட்டிப் பாதுகாப்பு என்ற பகுதிக்கே வேலை இருக்காது. சொந்த வசதிகள் இல்லாமல் குத்தகைத் தடங்கள் வழியாகச் சேவை தருவோரைப் பற்றிய அமெரிக்காவின் வாதங்களில் சில தோற்றன என்பதையும் சொல்ல வேண்டும். மெக்சிகோ மேல்முறையீடு செய்யவில்லை. 2004 ஜூன் 1 அன்று அறிக்கை ஏற்கப்பட்டது. ஒரே கட்டணம், விகிதாசாரப் பங்கீடு ஆகிய விதிகளைக் கைவிட்டு, 2005க்குள் பிறர் வசதிகளை வாங்கி விற்கும் மறுவிற்பனையையும் அனுமதிக்க மெக்சிகோ ஒப்புக்கொண்டது.

இவ்வளவில் கதை வெற்றியாக முடிந்ததாகத் தோன்றும். யாருக்கு வெற்றி என்று கேட்டால் விடை குறுகிவிடுகிறது. வழக்குத் தொடுத்தது அமெரிக்கா. குறைந்தது அமெரிக்காவிலிருந்து வரும் அழைப்பின் கட்டணம். மெக்சிகோ நகரத்தில் ஒருவர் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்த பணத்தில் அதனால் பெரிய மாற்றம் இல்லை. உலக வர்த்தக அமைப்பில் அரசு மட்டுமே அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியும். தன் நாட்டு ஏற்றுமதியாளருக்கு நட்டம் இல்லாத இடத்தில் எந்த அரசும் அந்தச் செலவை ஏற்காது. உள்நாட்டில், கோஃபெத்தெல் என்ற ஒழுங்குமுறை ஆணையம் 1996இலேயே அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அது பிறப்பித்த இடையிணைப்பு ஆணைகளை எதிர்த்து நிறுவனங்கள் ‘அம்பாரோ’ எனப்படும் அரசியல் சட்டப் பாதுகாப்பு மனுவைத் தாக்கல் செய்யும். வழக்கு முடியும்வரை ஆணை நிறுத்திவைக்கப்படும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். ஜெனீவாவின் ஆவணம் கேட்ட அமைப்பு, நடைமுறை, விதி எல்லாம் காகிதத்தில் இருந்தன.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடி 2012 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, 2005 முதல் 2009 வரை இந்தத் துறையின் சீர்கேட்டால் மெக்சிகோவுக்கு ஏற்பட்ட நலன் இழப்பை 12,920 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு நாட்டு உற்பத்தியில் 1.8 சதவீதம். ஸ்லிமின் நிறுவனங்கள் அந்தக் கணக்கை மறுத்தன. கணக்கில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் அது உள்ளடக்கிய ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும்: அவை வழக்கில் மெக்சிகோ தோற்று, விதிகளைத் திருத்திய பிறகு வந்த ஆண்டுகள்.

உண்மையான மாற்றம் உள்ளிருந்தே வந்தது. 2011 மே மாதம் மெக்சிகோ உச்ச நீதிமன்றம், இடையிணைப்பு ஆணைகளை வழக்கைக் காட்டி நிறுத்திவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2013இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டு, ஐஎஃப்டி என்ற தன்னாட்சி ஆணையம் அமைந்தது. அதன் முடிவுகளை இடைக்காலத் தடையால் முடக்க முடியாது என்று எழுதப்பட்டது. வெளிநாட்டு முதலீட்டு வரம்பும் நீங்கியது. 2014 மார்ச்சில், தெல்மெக்ஸை உள்ளடக்கிய ஸ்லிமின் ‘அமெரிக்கா மோவில்’ குழுமத்தை ஐஎஃப்டி ‘ஆதிக்க நிறுவனம்’ என்று அறிவித்து, மற்றவர்களுக்கு இல்லாத கடமைகளை அதன் மீது விதித்தது. அதே ஆண்டின் சட்டம் அந்தக் குழுமம், தன்னிடம் வந்து சேரும் அழைப்புகளுக்கான முடிப்புக் கட்டணத்தைப் பிறரிடம் வாங்கவே கூடாது என்றது; 2015 ஜனவரி முதல் உள்நாட்டு நெடுந்தொலைவுக் கட்டணம் ஒழிந்தது; அதே ஆண்டு ஏடி&டி இரண்டு செல்பேசி நிறுவனங்களை வாங்கி உள்ளே வந்தது. விலைகள் இறங்கின. 2017இல் உச்ச நீதிமன்றம், கட்டணத்தை நிர்ணயிப்பது ஆணையத்தின் வேலை, நாடாளுமன்றத்தின் வேலை இல்லை என்று சொல்லி அந்தப் பூஜ்ஜியக் கட்டணத்தை ரத்து செய்தது. தீர்ப்பு ஸ்லிமின் நிறுவனத்துக்குச் சாதகமாக அமைந்தாலும், ஒழுங்குமுறைக் கோட்பாட்டின்படி அது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன்.

இந்தியாவின் அனுபவமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. 1994 கொள்கையின்படி தனியாருக்கு உரிமம் கொடுத்த தொலைத்தொடர்புத் துறை, அதே உரிமதாரர்களுக்குப் போட்டியாளராகவும் கொள்கை வகுப்பவராகவும் இருந்தது. 1997இல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் வந்தும், 2000இல் தகராறுகளுக்கெனத் தனித் தீர்ப்பாயமும் பிஎஸ்என்எல் என்ற தனி நிறுவனமும் அமைந்த பிறகே இந்த மூன்று வேடங்களும் ஓரளவு பிரிந்தன. 2003இல் இடையிணைப்புக் கட்டண முறை வந்ததும் செல்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அந்த இடையிணைப்புக் கட்டணம் பின்னர் நிமிடத்துக்கு 30 பைசா, 20, 14, 6 என்று இறங்கி 2021 ஜனவரியில் பூஜ்ஜியமானது. அவ்வளவு முதிர்ந்த முறையிலும் 2016இல் ஜியோ நுழைந்தபோது, போதிய இணைப்புத் தடங்களைத் தரவில்லை என்று கூறி ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்றின் மீதும் மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. அந்த நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. எந்த நாடும் இந்தத் தகராறுக்கு ஜெனீவா போகவில்லை. போகக் காரணமும் இல்லை, ஏனெனில் இணைப்புக் கேட்ட ஜியோ உள்நாட்டு நிறுவனம்.

ஆகவே கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு என் விடை இது: பன்னாட்டு உடன்பாடு இடையிணைப்புக் கட்டணத்துக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது, அதை மீறினால் மற்றொரு அரசு வழக்குத் தொடுக்க வழி தருகிறது, உள்நாட்டில் சீர்திருத்தம் விரும்புவோருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பைத் தருகிறது. ஆணையத்துக்குப் பல் முளைக்கவைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

அண்மைய நிகழ்வு ஒன்று அந்தக் குறிப்பாவணத்தின் இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. 2024 டிசம்பரில் மெக்சிகோ மீண்டும் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஐஎஃப்டியைக் கலைத்தது. 2025 சட்டத்தின்படி அதன் பணிகள் நிர்வாகத் துறைக்குள் அமைந்த புதிய அமைப்புகளுக்குச் சென்றன. இது 1997 வாக்குறுதியை மீறுகிறதா என்று கேட்டால், ஆவணத்தின் ஐந்தாம் பிரிவைத்தான் படிக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பு, அடிப்படைத் தொலைத்தொடர்புச் சேவை வழங்கும் எந்த நிறுவனத்திடமிருந்தும் பிரிந்து, அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லாததாக இருக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்கிறது. அரசிடமிருந்தும் விலகி நிற்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 1997இல் பெரும்பாலான நாடுகளில் தொலைபேசி நிறுவனம் அரசின் கையில் இருந்ததால், அந்த வாசகத்தைத் தாண்டி எழுதியிருந்தால் கையெழுத்துகள் குறைந்திருக்கும். ஆனால் மெக்சிகோவில் மின்சார ஆணையத்தின் கிளையாக 2019இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று இன்று இணையச் சேவை வழங்குகிறது. அந்த நிறுவனமும் அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கையில், ‘பிரிந்து’ என்ற நிபந்தனை நிறைவேறுகிறதா என்பது வாதத்துக்கு உரியது. அந்தப் பிரிவை எந்தக் குழுவும் இதுவரை விளக்கவில்லை. அப்படி ஒரு வழக்கு வந்தால் அதைக் கொண்டுவருவதும், பழையபடி, தன் நாட்டு நிறுவனத்துக்கு அங்கே நட்டம் ஏற்பட்டதாகக் கருதும் ஓர் அரசாகத்தான் இருக்கும்.